கையை உதறிவிட்டு ஓடியவள்

பூச்சி உருண்டையின் நெடி மூக்கில் ஏற, வெள்ளைப் படுக்கை விரிப்புகளை அம்மா ஒவ்வொன்றாக இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து, கொழும்பு வெள்ளவத்தை வீட்டின் பின்வளவில் கயிறு கட்டி வெயில் காட்டிய நாளில்தான், நாங்கள் உண்மையாகவே எங்கேயோ போகப்போகிறோம் என்பதை நான் நம்பினேன். அந்த விரிப்புகள் அம்மாவின் கலியாணத்துக்கு வந்தவை; வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்குக்கூட அவை வெளியே எடுக்கப்பட்டதில்லை. ஆனால் அரசாங்கத் திணைக்களங்கள் தங்கள் உத்தியோகத்தருக்கென்று ஊர் ஊராகக் கட்டிவைத்திருந்த ‘சேர்க்கிட் பங்களா’க்களில் கட்டிலும் மெத்தையும் மட்டும்தான் இருக்கும், விரிப்பும் தலையணை உறையும் அரிசியும் பருப்பும் தங்குபவர்தான் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. அப்பா ஒரு கிளாக்கர். விண்ணப்பம் எழுதி, மேலதிகாரியின் ஒப்பம் வாங்கி, பல மாதம் காத்திருந்து, தென்கரையில் கடலோரமாக இருந்த ஒரு பங்களாவில் இரண்டு இரவுகளைப் பெற்றிருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தங்கை மலருக்கு நாலு. இப்போது எனக்கு எழுபத்துமூன்று. அந்தச் சனி ஞாயிறைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இத்தனை காலமாக ஒரு கதை சொல்லப்பட்டு வருகிறது. மலர் சின்ன வயதில் அண்ணனுடைய கையை உதறிவிட்டு ஓடியவள் என்பது அந்தக் கதை. அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். லண்டனில் இருக்கும் மலர் தன் மகளோடும் பேரப்பிள்ளைகள் இருவரோடும் அடுத்த மாதம் வருகிறாள். அதே தென்கரையில், அதே மாதிரி ஒரு சனி ஞாயிறு, எல்லோருமாகப் போய் ஆறுதலாக இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. ஏற்பாடு தொடங்கிய நாளிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை.

அன்றைக்கும் ஆறுதலாக இருப்பதற்காகத்தான் போனோம். அப்பா வாழ்க்கையில் அந்தச் சொல்லை அவ்வளவு தடவை சொன்னதை நான் கேட்டதில்லை. அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. “வாசல்லை கடல் கிடக்கு. கடல் பாக்க ஐம்பது மைல் போகோணுமோ?” என்று கேட்டார். “இது பாக்கிற கடல், அது குளிக்கிற கடல்” என்றார் அப்பா. வெள்ளவத்தைக் கடல் பாறையும் இழுப்புமாக இருப்பது உண்மைதான். ஆனால் அம்மாவின் கவலை கடலைப் பற்றியது அல்ல; ரயிலைப் பற்றியது.

தமிழரை அடித்துக் கொன்ற கலவரம் நடந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அந்த நாட்களில் அம்மாவின் தமையனை மருதானையில் பஸ்ஸிலிருந்து இறக்கி, சிங்களம் கதைக்கச் சொல்லிப் பார்த்தார்களாம். அவருடைய சிங்களம் இரண்டாவது வசனத்திலேயே பிடிபட்டுவிட்டது. உயிர் தப்பினார், ஆனால் அவருடைய வலது கை அதற்குப் பிறகு தோளுக்கு மேலே எழும்பவே இல்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வரும் நாட்களில் இடது கையால் சோற்றைக் குழைத்துச் சாப்பிடுவதை அம்மா பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே, அரிசியும் பருப்பும் தட்டை வடையும் கட்டியதைப் போலவே, வேறொன்றையும் அம்மா மூன்று கிழமைக்கு முன்பே ஆயத்தம் செய்யத் தொடங்கினார். ரயில் ஏறியதிலிருந்து திரும்பி வீட்டுப் படி ஏறும்வரை நாங்கள் தமிழர் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது.

அம்மா பொட்டு வைக்கமாட்டார், தாலிக்கொடியைச் சட்டைக்குள் போட்டுக்கொள்வார், அப்பா சிங்களப் பத்திரிகை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொள்வார். பெரியவர்கள் பாடு அவ்வளவுதான். பயம் மலரால்தான். அவள் வாய் ஓயாத பிள்ளை. ஆகவே ஒவ்வொரு பின்னேரமும் முன்னறையில் ஒத்திகை நடந்தது. சிங்களப் பிள்ளைகளைப்போல அம்மாவை ‘அம்மே’ என்றும், அப்பாவைத் ‘தாத்தா’ என்றும், என்னை ‘அய்யே’ என்றும் அவள் கூப்பிடப் பழக வேண்டும். வேறு ஒரு சொல்லும் பேசக்கூடாது. பெயர் கேட்டால் சொல்லக்கூடாது. அப்பாவைத் தாத்தா என்று கூப்பிடுவது அவளுக்குப் பெரிய பகிடியாக இருந்தது. “அப்பாவுக்குத் தலை நரைக்கேல்லையே” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டையும் பழகிவிட்டாள். என் விஷயத்தில் மட்டும் தடுமாறினாள். நாளுக்கு நூறு தடவை என்னை அண்ணா என்று கூப்பிட்டுப் பழகியவள்.

“அவள் அண்ணா எண்டு கூப்பிட்டா நீ திரும்பிப் பாக்கப்படாது” என்று அம்மா எனக்குச் சொன்னார். “அய்யே எண்டாத்தான் திரும்போணும். அப்பத்தான் பழகுவாள்.”

இந்தப் பொறுப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் அண்ணா, அண்ணா என்று பின்னால் வர, நான் கேளாதவன்போல் நடப்பேன். என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். அழும் கட்டத்துக்கு வந்த பிறகு நினைவு வந்து அய்யே என்பாள். உடனே நான் பெரிய மனிதனைப்போல் திரும்பி, “என்ன?” என்பேன். மூன்று கிழமையில் அவளைவிட நான்தான் நன்றாகப் பழகியிருந்தேன்.

ரயிலில் ஒரு பிசகும் நடக்கவில்லை. மலர் வாயை இறுக்கி மூடியபடி யன்னலோரத்தில் அப்பாவின் மடியில் இருந்தாள். பெட்டியில் எங்களைத் தவிர ஆட்கள் இல்லாத ஒரு சமயம் அப்பா குனிந்து அவளுடைய காதில், “இந்தத் தண்டவாளம் இருக்கெல்லே, இது நேரா எங்கடை வெள்ளவத்தைக்குத்தான் போகுது” என்று சொன்னார். வீட்டை விட்டுத் தூரமாக வந்துவிட்டோம் என்று அவள் பயந்துவிடக்கூடாது என்பதற்காகச் சொன்னது.

வெள்ளி பின்னேரம் நாங்கள் போய்ச் சேர்ந்த பங்களா தென்னந்தோப்புக்குள் இருந்தது. அதற்கும் கடலுக்கும் நடுவே சிறு மேட்டில் ஒற்றைத் தண்டவாளம் போனது. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு அப்பா சாய்கதிரையில் கண்ணயர்ந்தார். அம்மாவும் கலியாண விரிப்பின்மேல் படுத்துவிட்டார். மூன்று கிழமைப் பயத்துக்குப் பிறகு அம்மா நிம்மதியாகக் கண் மூடியது அந்த ஒரு மணித்தியாலம்தான். படுக்கப் போகுமுன் எங்கள் இருவரையும் கடற்கரையில் விளையாட விட்டு, என்னிடம், “தண்ணியிலை இறங்காதை, அவளின்ரை கையை விடாதை” என்று சொல்லி அனுப்பினார்.

கடற்கரையில் ஏழெட்டுப் பொடியன்கள் தென்னை மட்டையால் கிரிக்கெட் விளையாடினார்கள். ஒருவன் என்னைச் சிங்களத்தில் விளையாட வரச் சொன்னான். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். எங்கள் லேனில் பாதி வீடு சிங்கள வீடுகள். பெயர் கேட்டார்கள். சுனில் என்றேன். யோசிக்காமல் வந்தது. ஒருவரும் சந்தேகப்படவில்லை. மலரைத் தாழம் பற்றைக்குப் பக்கத்தில் நிழலில் இருத்தி, சிப்பி பொறுக்கிக் கொடுத்துவிட்டு, நான் சுனிலாக விளையாடப் போனேன். என் கையை அவள் விடவில்லை. அவளுடைய கையை நான்தான் விட்டேன்.

எவ்வளவு நேரம் விளையாடினேன் என்று தெரியாது. எனக்கு முன்னால் இன்னும் ஒருவன்தான் இருந்தான், அடுத்ததாக மட்டை என் கைக்கு வரவேண்டும். அப்போது முதுகுக்குப் பின்னால் “அண்ணா” என்று கேட்டது. நான் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். காலைச் சுற்றிக் கிடந்த ஏதோ பாசியைப் பார்த்துப் பயந்திருக்கலாம், தாகமாக இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. மூன்றாவது தடவை உரக்கக் கூப்பிட்டாள். பந்து போடவிருந்தவன் நின்று, யார் அது என்று கேட்டான். தெரியாது என்று நான் சிங்களத்தில் சொன்னேன்.

அம்மாவின் கட்டளை என் பக்கம் இருந்தது என்று அதற்குப் பிறகு பல வருடங்கள் எனக்கு நானே சொல்லி வந்தேன். அந்த நிமிடத்தில் கட்டளையை நான் நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை. என்னைத் தங்களில் ஒருவனாக எடுத்துக்கொண்டவர்கள் முன்னால், அழுக்குக் கவுனோடு அண்ணா என்று கூப்பிடும் ஒரு பிள்ளை என்னுடையவள் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

மட்டை என் கைக்கு வந்தது. இரண்டு பந்தில் ஆட்டமிழந்தேன். திரும்பிப் பார்த்தபோது பற்றைக்குப் பக்கத்தில் சிப்பிகள் மட்டும் கிடந்தன.

அடுத்த இரண்டு மணித்தியாலங்களைப் பற்றி எழுத எனக்கு இன்றும் கை கூசுகிறது. அப்பா சாரத்தோடும் வெறுங்காலோடும் தண்டவாளத்தில் வடக்குப் பக்கமாக ஓடினார். அம்மா தண்ணீரோரமாக ஓடினார். ஓடிய அம்மாவால் மலரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியவில்லை. வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு ‘நங்கி, நங்கி’ என்று கூப்பிட்டார். தங்கையைக் கூப்பிடும் சிங்களச் சொல் அது; மகளைத் தேடும் தாயின் வாயில் அது பொருந்தவில்லை. அந்தப் பொடியன்கள் அம்மாவை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஒரு அலை வந்து அம்மாவின் முழங்கால்வரை நனைத்துவிட்டுப் போனதும், அம்மாவுக்குள் ஏதோ அறுந்தது. “மலர், என்ரை மலர்” என்று கத்தினார். கரை முழுக்கக் கேட்டிருக்கும். பந்து போட்டவன் அம்மாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு அவர்கள் எல்லோரும் மட்டையைப் போட்டுவிட்டு எங்களோடு சேர்ந்து தேடத் தொடங்கினார்கள்.

அவர்களில் ஒருவன்தான் தெற்குப் பக்கம் ஓடிப்போய்ச் செய்தி கொண்டுவந்தான். ஒரு மைலுக்கு அப்பால், ரயில் கடவைக் காவல்காரரின் சின்னக் கொட்டிலுக்குள் மலர் வாங்கில் இருந்தாள். ஒரு கையில் பாதி வாழைப்பழம், மற்றக் கையில் சுருட்டிய பச்சைக் கொடி. தண்டவாளம் வெள்ளவத்தைக்குப் போகும் என்று நம்பி, வீட்டுக்கு நடந்திருக்கிறாள். எதிர்த்திசையில்.

அந்த மனிதர் அவளைச் சிலிப்பர்க்கட்டைகளின் நடுவே கண்டு தூக்கி வந்து, பெயரும் வீடும் கேட்டுக்கேட்டுக் களைத்திருந்தார். அவள் ‘அம்மே’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீடுகளிலெல்லாம் விசாரித்தும் ஒருவருக்கும் அவளைத் தெரியவில்லை. அம்மா அலறிக்கொண்டு போய் அவளைத் தூக்கியபோது அவர் எழுந்து நின்று தமிழில் பேசினார்.

“நங்கி பேசுறதே இல்லை அம்மா. ஊமை எண்டு நெனச்சது. தமிழ் எண்டு தெரிஞ்சா நான் தமிழ்லதானே கேக்கிறது. வடக்கு லைன்லே, மதவாச்சியிலே பன்னெண்டு வருசம் வேலை செஞ்சது நான்.”

அம்மா மலரை இறக்கிவிட்டு அவரைக் கும்பிட்டார். மூன்று கிழமை கற்றுக்கொடுத்ததை நாலு வயதுப் பிள்ளை அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தது.

பங்களாவுக்குத் திரும்பியதும் அம்மா என்னைத் தோளில் பிடித்து உலுக்கினார். “அவள் உன்னைக் கூப்பிடேல்லையோ?”

“இல்லை. கையை உதறிப்போட்டு ஓடினவள்.”

அம்மா மலரை அடித்தார். அதுவரை அவளை அடித்ததில்லை. உள்ளங்கையால் காலில் ஆறேழு அடி. ஒவ்வொரு அடிக்கும், ஏன் கையை உதறினாய், ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டார். மலர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தலையைக் குனிந்தபடி, உள்ளங்காலில் ஏறியிருந்த கல்லை எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது இரவு தங்காமல் அன்று மாலை ரயிலிலேயே திரும்பிவிட்டோம்.

ஒரு குழந்தை தொலைந்து கிடைத்தது, அடி வாங்கியது; அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். ஆனால் அந்த வசனம் முடியவில்லை. மலர் பாடசாலையில் சிநேகிதி வீட்டுக்குப் போய்ச் சுணங்கினால், கையை உதறிவிட்டு ஓடுகிறவள்தானே என்றார்கள். தனக்குப் பிடித்தவனைத் தானே தேடிக் கட்டியபோது, அது பிறவிக்குணம் என்றார்கள். எண்பதுகளில் அவள் குடும்பத்தோடு லண்டனுக்குப் போனபோது, விமான நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் அம்மா, “அவள் சின்னனிலேயே என்ரை கைக்கு நிக்காதவள்” என்று அழுதார். அம்மா கடைசிப் பதினொரு வருடமும் என் வீட்டில்தான் இருந்தார். அம்மா இறந்தபோது மலருக்கு அங்கே சத்திரசிகிச்சை முடிந்து மூன்று நாள். அவளால் வர முடியவில்லை. செத்த வீட்டில் ஒரு மாமி அதே வசனத்தைச் சொன்னார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

இந்த முறைப் பயணத்தை ஏற்பாடு செய்வது மலரின் மகள் தர்ஷி. எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதி போனில் அனுப்புகிறாள். எந்த அறைக்கு எந்தப் பக்கம் காற்று, பிள்ளைகளுக்கு ஆழமில்லாத குளம் உண்டா, சாப்பாட்டில் உறைப்பைக் குறைப்பார்களா என்றெல்லாம் விசாரித்து முடித்து, ஞாயிறு காலைக்கு நேரே ‘ஒன்றும் செய்வதில்லை’ என்று போட்டிருக்கிறாள். வான் பிடிப்பது மட்டும் என் பொறுப்பு. ஆனால் நான் நாளுக்கு நாலு கேள்வி அனுப்பினேன். குளத்துக்கு வேலி உண்டா? கடற்கரையில் காவலுக்கு ஆள் நிற்பாரா? தண்டவாளம் எவ்வளவு தூரம்? பிள்ளைகளின் கழுத்தில் போன் நம்பர் எழுதிய அட்டை தொங்கவிடலாமா?

ஒரு நாள் தர்ஷி சிரித்துக்கொண்டு கதைத்தாள்.

“மாமா, நாங்கள் ரிலாக்ஸ் பண்ண வாறம். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. அம்மம்மா சின்னனிலை கையை உதறிப்போட்டு ஓடித் துலைஞ்சு போய் நல்ல அடி வாங்கினவ எண்டு ரெண்டு பேருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன். அவையள் கையை விடவே மாட்டினம்.”

அந்தப் பிள்ளைகளுக்கு ஆறும் நாலும் வயது. நான் ஒன்பது வயதில் சொன்ன பொய், இப்போது லண்டனில் ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பழக்கும் பாடமாகியிருந்தது.

அன்று பின்னேரமே மலரைக் கூப்பிட்டேன். வான், அறை என்று சுற்றிவளைத்துவிட்டு, பிறகு சொன்னேன். பந்து, மட்டை, சுனில், மூன்று தடவை, தெரியாது என்று நான் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மன்னிப்பாள் என்றோ ஏசுவாள் என்றோ எதிர்பார்த்தேன். எனக்கு எப்பவோ தெரியும் என்று சொல்வாள் என்றும் எண்ணியிருந்தேன். அவளுக்குத் தெரியாது. நாலு வயதுப் பிள்ளைக்கு நினைவில் இருந்தது கொட்டிலும் கொடியும்தான். ரயில் போகும்போது அந்த மனிதர் அவளைத் தூக்கிப் பிடித்துக் கொடி காட்டவிட்டாராம். அடி விழுந்தது அதற்காகத்தான் என்று நெடுநாள் நினைத்திருந்தாளாம். மற்றதெல்லாம் நாங்கள் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தெரிந்தவை.

“அப்ப நான் கூப்பிட்டனான்” என்றாள்.

“ஓம்.”

“மூண்டு தரம்.”

“ஓம், மலர்.”

அந்தப் பக்கத்தில் ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: “அம்மா சாகுமட்டும் உங்களோடைதானே இருந்தவ. பதினொரு வருசம். ஒரு நாள், ஒரு பின்னேரம் சொல்லியிருக்கலாம்.”

போன் துண்டிக்கப்பட்டது.

அதற்குப் பிறகு நாலு நாள் ஒரு செய்தியும் வரவில்லை. தர்ஷியின் பட்டியல்கூட நின்றுவிட்டது. பயணமே இல்லையோ என்ற பயத்தில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல், ஹோட்டலைப் பார்த்து வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். எதிரே இருந்த ஒரு இளம் தாய் தன் மகனை உரக்கத் தமிழில் ஏசிக்கொண்டு வந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் உடம்புதான் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒடுங்கியது. பங்களா இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. சுனாமி அந்தக் கரையைத் துடைத்துவிட்டுப் போன பிறகு சீமெந்துத் தளத்தில் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. கொட்டிலும் இல்லை. கடவையில் மணி அடித்துத் தானாக இறங்கும் தடி ஒன்று நிற்கிறது. அந்த மனிதரின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. மலர் கூப்பிட்டாள் என்று யார் யாருக்குச் சொல்ல வேண்டுமோ, அப்பா, அம்மா, மாமி, அவர்களில் ஒருவரும் இன்று இல்லை.

ஐந்தாம் நாள் காலை மலர் கூப்பிட்டாள். சுகம் விசாரிக்கவில்லை.

“நாங்கள் வாறம். பிள்ளையளுக்குக் கதையை நான்தான் சொல்லுவன். நீங்கள் சொல்ல வேண்டாம், நீங்கள் சொன்னா உங்களுக்குச் சார்பாத்தான் வரும். பக்கத்திலை இருங்கோ. அவையள் உங்களைப் பாக்கட்டும்.”

சரி என்றேன். இந்தக் கட்டுரையிலும் எங்கேயோ எனக்குச் சார்பாக எழுதியிருப்பேன். அவள் வாசித்தால் கண்டுபிடிப்பாள்.

வானுக்குச் சொல்லியாகிவிட்டது. அறைகளும் உறுதியாகிவிட்டன. மலர் சொல்லி முடித்ததும் அந்த நாலு வயதுக்காரி என்னிடம், ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று கேட்பாள். என்ன பதில் சொல்வதென்று இரவும் பகலும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா அப்படிச் சொல்லித் தந்தவ என்று மட்டும் சொல்லமாட்டேன்.